கடல் பக்கம் முதலில்

கொட்டாஞ்சேனை,
09.02.2025

சுபாஷினி மகளுக்கு, பெரியப்பா இராமர் சொல்ல, கீழ்வீட்டு ஹமீட் எழுதுவது.

நீ போனை எடுக்கிறாய், "பிஸி பெரியப்பா" என்கிறாய், வைக்கிறாய். இரண்டு கிழமையில் ஐந்து தடவை. அப்படியே நின்று கதைத்தாலும், போனில் சொன்னதை நாளைக்கு "நான் எங்கே சொன்னேன்" என்பாய். அதனால்தான் தாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒருதரம் காதில் விழுந்தது அழியாது, அது உனக்கே தெரியும். நீயும் தாளில் எழுது. கையெழுத்துப் போட்டு எழுது.

என் மகள், உன் அக்கா, மட்டக்குளியில் கட்டின புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தவளை அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டது பிழை என்று அக்காவும் ஏசுகிறாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அது என் பிழை. கேட்ட கேள்வி பிழையா?

ஒக்டோபரில் நீ அந்தச் சுற்றுலா விமானக் கம்பெனியில் சேர்ந்த அன்று நான் கேட்டேன். "இரத்மலானையில் வெள்ளைக்காரனை ஏற்றிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் வந்து திரும்புவேன் என்கிறாய். உள்ளே இருப்பது நீதான் என்று மொட்டைமாடியில் நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்?" நீ சிரித்துவிட்டுச் சொன்னாய்: "துறைமுக வாய்க்கு வெளியே திரும்பும்போது இரண்டு சிறகையும் ஒருதரம் சாய்த்துக் காட்டுவேன். சாய்ந்தால் நான்." அன்றிலிருந்து மழை, காய்ச்சல் எதுவும் பார்க்காமல் நிற்கிறேன். ஒரு விமானமும் தவறவில்லை.

ஜனவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டு மாடியில் நீ வடைத் தட்டோடு நிற்கிறாய். பத்து மணிக்கு விமானம் வந்தது, சாய்ந்தது. பதினொன்றரைக்கு மறுபடி வந்தது, சாய்ந்தது. "நீ இங்கே நிற்கிறாய், மேலே சாய்த்தது யாரடி?" என்று கேட்டேன். நீ தட்டை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாய்.

கோபம் வந்தவள் தட்டை எறிவாள். நீ மெதுவாக வைத்தாய். அதுதான் எனக்குச் சரியில்லை.

ஒரே கேள்வி. அந்த இரண்டு சுற்றும், நீ பறந்த மணித்தியாலங்களை எழுதி வைக்கிற புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? உண்டா, இல்லையா?

இராமர்


வெள்ளவத்தை,
14.02.2025

பெரியப்பாவுக்கு,

இல்லை. ஏறவில்லை. கையெழுத்தும் கீழே இருக்கிறது, திருப்திதானே?

அன்றைக்கு எனக்கு லீவு. ஓட்டியது மிதுஷன். எங்கள் கம்பெனியில் இருப்பது ஒரே விமானம், இரண்டு விமானிகள்: நானும் அவரும். கொட்டாஞ்சேனையில் பெரியப்பா பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நான் முன்பு சொல்லியிருந்தேன். பாவம் கிழவர் ஏமாறக் கூடாது என்று அவர் சாய்த்திருக்கிறார். ஒரு மனிதன் செய்த நல்ல காரியத்துக்குப் பொலிஸ் விசாரணை நடத்துகிறீர்கள்.

நான் தட்டை வைத்ததற்குக் காரணம், மாமி ஒருத்தி "அப்போ இவள் பைலட் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தது. நீங்கள் அதற்கு வாயே திறக்கவில்லை.

உங்களுக்கு விளங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பயிற்சி முடித்து லைசன்ஸ் எடுக்கும்போது என்னிடம் இருந்தது இருநூற்றுப் பதினைந்து மணித்தியாலம். பெரிய விமானக் கம்பெனிக்காரர் ஐந்நூறு இல்லாமல் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த வேலை. ஒரு சுற்று முப்பத்தைந்து நிமிடம். மூன்று பயணி, ஒரு விமானி. சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. நேற்றோடு முந்நூற்றுப் பதினெட்டுச் சுற்று முடித்திருக்கிறேன். நானூறு மணித்தியாலம் ஆகிவிட்டது. மே மாத முதல் கிழமை நேர்முகம். அதற்குள் ஐந்நூறு வராவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இருபத்தெட்டு வயது.

இன்னொன்று. இந்தக் கடிதத்தில் இருப்பது உங்கள் வாயா, ஹமீட் நானாவின் கையா? "கோபம் வந்தவள் தட்டை எறிவாள்" என்பது நீங்கள் சொன்ன மாதிரி இல்லை.

சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
20.02.2025

சுபா மகளுக்கு,

என் வாய்தான். (ஹமீட் எழுதுவது: மகள், நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. இரண்டு மூன்று சொல்லைக் குறைத்தது உண்டு.)

உன் கடிதத்தை ஹமீட் இரண்டு தடவை வாசித்தார். முந்நூற்றுப் பதினெட்டு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து பெப்ரவரி பதின்மூன்று வரைக்கும் அந்த விமானம் துறைமுக வாய்க்கு வந்து திரும்பியது முந்நூற்றுப் பதினெட்டுத் தடவை. என் கணக்கு. அதில் ஜனவரி இருபத்தாறில் வந்த இரண்டும் அடக்கம். அந்த இரண்டும் உன் புத்தகத்தில் இல்லையென்றால் நீ முந்நூற்றுப் பதினாறு என்று எழுதியிருக்க வேண்டும்.

கணக்குப் பிசகியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். முப்பத்தொரு வருஷம் ஹாபரில் நின்றவன் நான். கப்பலின் அடித்தட்டில் இருந்து மூட்டை தூக்கும்போது, மேலே வின்ச் இயந்திரம் ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. விளிம்பில் நின்று கையால் சைகை காட்டுவது என் வேலை. எந்தக் கப்பலிலும் மேலே எண்ணியதும் கீழே எண்ணியதும் ஒன்றிரண்டு வித்தியாசப்படும். அச்சொட்டாகச் சரிவந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம்.

ஐந்து மாதம். ஒரு நாள் தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, லீவு எடுத்த நாளிலும் பறந்திருக்கிறாய். கம்பெனியில் இரண்டு விமானி என்கிறாய். கம்பெனி பறந்த எல்லாமே உன் புத்தகத்தில் இருக்கிறதென்றால் மற்றவனின் புத்தகத்தில் என்ன இருக்கிறது? காற்றா?

யார் அந்த மிதுஷன்? எந்த ஊர்? தன் மணித்தியாலத்தை ஒருத்திக்குச் சும்மா கொடுக்கிறவன் பதிலுக்கு என்ன கேட்கிறான்? வெள்ளவத்தையில் அறை எடுத்து ஆறு மாதத்தில் போனில் "ஆமா" போய் "ஓம்" சொல்லப் பழகிவிட்டாய். வேறு என்னென்ன பழகினாய் என்று நான் கேட்கக் கூடாதா? உன் அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பான்.

இராமர்


வெள்ளவத்தை,
27.02.2025

பெரியப்பாவுக்கு,

முதலில் மிதுஷனைப் பற்றி. அவருக்கு மனைவி இருக்கிறாள், பெயர் சாம்பவி, வயிற்றில் ஐந்து மாதம். நீங்கள் நினைப்பது ஒன்றுமில்லை. அந்த வரியை ஹமீட் நானா எப்படித்தான் கை கூசாமல் எழுதினாரோ.

இரண்டாவது. அந்த இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன. பொய்தான் எழுதினேன். நீங்கள் வெற்றி பெற்றீர்கள்.

நடந்தது இதுதான். சேர்ந்து ஒரு மாதத்தில், தேனிலவுக்கு வந்த ஒரு சோடி என்னைப் பார்த்து "ஓட்டப்போவது இந்தப் பெண்ணா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டது. அடுத்த கிழமை இன்னொரு குடும்பம். முதலாளி கெப்டன் விக்ரமன் என்னைக் கூப்பிட்டார். "உன்னில் குறை இல்லை சுபா, ஆனால் கஸ்டமர் பயப்படுகிறான். கிழமையில் மூன்று நாள் நீ காலிமுகத்திடல் ஹோட்டலில் கவுண்டரில் இருந்து டிக்கட் விற்றுக்கொடு. அந்த நாளில் மிதுஷன் பறப்பார். அவரிடம் ஏற்கெனவே ஆயிரத்து அறுநூறு இருக்கிறது, மாலைதீவில் பறந்தவர், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கிறார், இந்தக் குட்டி விமானத்து மணித்தியாலம் அவருக்கு எதற்கு? உன் பெயரில் எழுதிவிடுவோம். உனக்கும் நட்டமில்லை" என்றார். விமானத்தின் புத்தகத்திலும் என் பெயர், என் புத்தகத்திலும் என் பெயர். இரண்டையும் பின்னேரத்தில் கெப்டனே நிரப்புவார். நான் கையெழுத்துப் போடுவேன்.

வேலையை விட்டுவிட்டு வர முடியுமா? எத்தனை பேர் ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறார்கள் தெரியுமா? இது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதுவும் எல்லாமாகச் சேர்த்து முப்பது சுற்றுக்கு மேல் இருக்காது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை இரத்மலானை கேட்டுக்கு வெள்ளைச் சாரத்தோடு ஒரு வயதாளி வந்து என்னைப் பற்றி விசாரித்ததாக செக்கியூரிட்டி சொல்கிறான். நீங்களா? யாரிடம் என்ன சொன்னீர்கள்? இது வெளியே போனால் ஹோட்டல் கவுண்டரோடு முடியாது. லைசன்ஸே போய்விடும். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
06.03.2025

சுபா மகளுக்கு,

நான்தான் வந்தேன். ஹமீட்டும் வந்தார். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், திரும்பும்போது நின்றுகொண்டே வந்தோம். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்டேன். அந்த செக்கியூரிட்டி மல்லி, சிங்களத் தம்பி, நல்லவன். சீயா, தாத்தா, என்று கூப்பிட்டுக் கதிரை போட்டான், அதில் இருந்தே அன்றைய சுற்றையும் எண்ணினேன். "மிஸ் இன்றைக்கு இல்லை சீயா, கிழமையில் மூன்று நாள் ஹோட்டலில்தான்" என்றான். உன் கடிதம் வருமுன்பே எனக்குத் தெரியும். நீ சொல்கிறாயா என்று பார்த்தேன். சொன்னாய். அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

முப்பது என்கிறாய். மறுபடி பொய்.

நீ நினைக்கிறாய், மேலே இரண்டு சிறகு சாய்ந்தால் கீழே நிற்கிற கிழவனுக்கு எல்லாம் ஒன்று என்று. மகளே, கை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே சைகையைப் பத்து பேர் காட்டினால் பத்து விதமாக இருக்கும். நீ சாய்க்கும்போது கடல் பக்கச் சிறகு முதலில் இறங்கும். பிறகு ஒரு மூச்சு நிற்பாய். பிறகுதான் கரைப் பக்கம். அவன் கரைப் பக்கத்தை முதலில் இறக்குவான், நிற்க மாட்டான், சட்டென்று மற்றதையும் இறக்கிவிட்டுப் போய்விடுவான். வேலை முடிந்தது என்கிற மாதிரி. நவம்பர் எட்டாம் திகதி முதல் தடவை பார்த்தேன். இன்றைக்கு உனக்குக் கை சரியில்லையோ என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறேன். மட்டக்குளியில் நான் கேட்டது அன்றைக்கு வந்த சந்தேகத்தில் இல்லை. பதினொரு கிழமை மனதில் கிடந்தது, நீ தட்டோடு நிற்கிறதைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

முப்பது இல்லை. நேற்றோடு நூற்று இருபதுக்கு மேல்.

"எல்லா இடத்திலும் நடக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். நடக்கிறதுதான். எழுபத்தொன்பதில் குணதாச என்று ஒருவன் வின்ச் ஓட்ட சான்றிதழுக்குப் போனான். இருநூறு நாள் ஓட்டினான் என்று அவனோடு வேலை செய்த சைகைக்காரன் சாட்சி சொல்ல வேண்டும். அவன் ஓட்டியது நாற்பது நாள். நல்ல பையன், பிள்ளைக்காரன், கெஞ்சினான். நான் கைநாட்டு வைத்தேன். மூன்றாம் மாதம் ரப்பர் பேல் கட்டைக் கீழே இறக்கும்போது நான் "நிறுத்து" என்று கை காட்டினேன். இருநூறு நாள் ஓட்டியவனின் கை தன்பாட்டில் நின்றிருக்கும். அவன் யோசித்தான். சோமபால என்கிறவனுக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கயிறு அறுந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

இதை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது ஹமீட்டுக்கும் தெரிந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டவரை மறுபடி எடுக்கச் சொன்னேன்.

நான் எங்கேயும் போய் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் யாராவது என்னிடம் வந்து கேட்டால், ஐயா எனக்குத் தெரியாது என்று சொல்லவும் மாட்டேன்.

இராமர்


வெள்ளவத்தை,
25.03.2025

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனால் கேட்டால் சொல்வேன். இது என்ன நியாயம்? கத்தியை மேசையில் வைத்துவிட்டு நான் குத்தவில்லையே என்கிற மாதிரி.

மிதுஷனிடம் சொன்னேன், கீழே இருந்து கை வித்தியாசம் கண்டுபிடிக்கிறார் என்று. "உம்மட பெரியப்பா ஆளை விடுவாரே? நான் நல்லாத்தானே காட்டினனான்" என்று சிரித்தார். அடுத்த நாள் அவர் பறந்தபோது நான் வெள்ளவத்தை ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக் கற்களில் நின்று பார்த்தேன். அங்கேயும் ஒருதரம் சாய்க்கச் சொல்லியிருந்தேன். கரைப் பக்கம் முதலில். நிற்காமல். எனக்கே தெரிந்தது.

அதைவிட இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை, இருபத்தொன்றாம் திகதி. சீசன் கூட்டத்தால் இந்தத் தடவை ஒன்பது நாள் தொடர்ந்து கவுண்டரில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் ஏறினேன். பின்னேரம் மூன்று மணி. ஒரு தாய், தகப்பன், எட்டு வயதுப் பெண்பிள்ளை. துறைமுகத்தில் திரும்பி வரும்போது பாணந்துறைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மாதங்களில் பின்னேர இடிமழை வழக்கம்தான். அது வருமுன்பு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். நேரே போனேன். கடல் பக்கம் விலகிக் காத்திருந்திருக்க வேண்டும். நானூற்று நாற்பது மணித்தியாலம் பறந்தவளுக்கு அது யோசிக்காமலே தெரிந்திருக்கும். என் புத்தகத்தில் இருக்கிறவளுக்குத் தெரிந்திருக்கும். நான் யோசித்தேன்.

ஓடுபாதை தெரிந்தபோது காற்று பக்கத்தில் இருந்து அடித்தது. சக்கரம் தொட்டது, மறுபடி எழும்பியது, புல்லுக்குப் போகப் பார்த்தது. எப்படி நிறுத்தினேன் என்று சத்தியமாக நினைவில்லை. பிள்ளை மடியெல்லாம் சத்தி எடுத்துவிட்டு அழுதது. தாய் இறங்கி என் கையைப் பிடித்து "தாங்க் யூ" என்றாள். நான் திறமையாக இறக்கிவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கெப்டன் அந்தப் பின்னேரமும் புத்தகத்தை நீட்டினார். நாலு சுற்று. நான் பறந்தது ஒன்று.

புத்தகத்தில் இப்போது நானூற்று நாற்பத்தெட்டு மணித்தியாலம். நேற்றோடு நானூறு சுற்று. அதில் எது என்னுடையது, எது இல்லை என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. எல்லாம் கெப்டனின் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. நாள் மாறி நாள் கவுண்டருக்கும் விமானத்துக்கும் ஓடியதில் எனக்கே குழம்பிவிட்டது.

உண்மையிலேயே ஒவ்வொன்றும் உங்கள் தலையில் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியாது.

சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
01.04.2025

சுபா மகளுக்கு,

இதோடு ஹமீட் எழுதிய பதினேழு தாள் வருகிறது. நாலு நாள் காலையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் ஒரு கலண்டரை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். நான் திகதியில் வைத்திருக்கவில்லை, கப்பலில் வைத்திருக்கிறேன். "சிவப்புக் குழாய்க் கப்பல் வெளியே காத்திருந்த மூன்றாம் நாள்: காலையில் நீ, நீ, மத்தியானத்துக்குப் பிறகு அவன்." "கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் போன செவ்வாய், மழை விட்டபிறகு: அவன், அவன், அவன்." இப்படி. எந்தக் கப்பல் எந்தத் திகதி என்று அவர் துறைமுகத்தில் இருக்கிற தன் மருமகனிடம் கேட்டுச் சரிபார்த்தார். இரண்டு இடத்தில் நான் ஒரு நாள் பிந்திச் சொல்லியிருக்கிறேன் என்றார். மற்றதெல்லாம் சரி.

உன்னுடையது இருநூற்று நாற்பத்தொன்று.
அவனுடையது நூற்று ஐம்பத்து மூன்று.
ஆறு சந்தேகம். டிசம்பரில் மூன்று நாள் புகைமாதிரி மூட்டம், விமானம் தெரிந்தது, சிறகு தெரியவில்லை. அந்த ஆறையும் உனக்குத் தர மாட்டேன்.

நீ கேட்டதால் ஒன்று சொல்கிறேன். ஜனவரி இரண்டாம் கிழமை ஒரு நாள் காற்று பிய்த்துக்கொண்டு போனது. துறைமுகத்துக்குள் தோணிக்காரர்கூட இறங்கவில்லை. அன்றைக்கு வந்தது நீ. கடல் பக்கம் முதலில், ஒரு மூச்சு, பிறகு கரை. சைகை பிசகவில்லை. அதைத் தாளில் தனியாகக் குறித்திருக்கிறது. அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது.

என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தோடு மே மாதம் நீ போனால், அங்கே உன்னைக் கேள்வி கேட்கிறவன் உன்னை நம்புவான் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

இராமர்


வெள்ளவத்தை,
03.05.2025

பெரியப்பாவுக்கு,

சந்தோஷமா? நேற்று நேர்முகம் நடந்தது. நான் அங்கே இல்லை.

உங்களுக்கு மார்ச்சில் எழுதிய நாளில் இருந்து காய்ச்சல் என்று லீவில் இருந்தேன், புத்தகத்தில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஏப்ரல் ஏழாம் திகதி கெப்டனின் அறையில், அவருக்கு முன்னால் உட்கார்ந்து, உங்கள் பதினேழு தாளையும் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டேன். நூற்று ஐம்பத்தொன்பது கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. முதலில் அவர் நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தார். பத்தாவது கோட்டில் எழுந்து கதவைச் சாத்தினார். "யார் சொல்லி இதெல்லாம் செய்கிறாய்? எவன் சாட்சி?" என்று கத்தினார். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு மனிதர் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அன்றைக்கே வேலை போய்விட்டது. மறுநாள் நானே லைசன்ஸ் கொடுக்கிற இடத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேர் விசாரித்தார்கள். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. உங்கள் தாளைப் பார்த்து ஒரு அதிகாரி "இது யார் தயாரித்தது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே இன்னும் ஒரு பக்கம் வாசித்தார். அவ்வளவுதான்.

மிதுஷனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அவர் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அந்த விமானத்தை வேறு யார்தான் ஓட்டியிருக்க முடியும்? அவருடைய வெளிநாட்டு வேலை தள்ளிப் போய்விட்டது. சாம்பவி போனில் என்னை ஏசினாள். பிள்ளை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது முந்நூற்று ஐம்பத்தைந்து. அந்த ஆறையும் வெட்டிவிட்டேன். அதில் நாலு என்னுடையது, எனக்கு நிச்சயம். ஒன்றில் ஒரு ஜப்பான்காரி விமானத்துக்குள் என்னோடு எடுத்த படம்கூட இருக்கிறது. நீங்கள் தர மாட்டேன் என்றீர்கள். நானும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரி சரோஜினிதேவி அன்ட்டி ஒவ்வொரு காலையும் "இண்டைக்கு வேலை இல்லையோ பிள்ளை?" என்று கேட்கிறார். லீவு என்கிறேன்.

சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
09.05.2025

சுபா மகளுக்கு,

சந்தோஷம் இல்லை.

உன் கடிதம் வந்த நாளில் இருந்து அந்த நாலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சந்தேகம் என்றுதான் நான் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. படம் இருக்கிறது என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் தந்திருப்பேன். எனக்குத் தெரியாததை எல்லாம் பொய் என்று வைத்துப் பழகிவிட்டேன். உன் பெரியம்மாவும் இதைத்தான் சொல்லிச் சொல்லிச் செத்தாள்.

மிதுஷனின் பெண்சாதிக்கு நான் போய்க் கதைக்கலாமா என்று ஹமீட்டிடம் கேட்டேன். "போனால் அடிப்பாள்" என்றார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். விலாசம் அனுப்பு.

மருதானையில் சோமபால இன்னும் இருக்கிறார். எழுபத்தேழு வயது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கயிறு அறவில்லை என்று சொன்னேன். அவர் சாரத்தை இழுத்து அந்தக் காலை மூடினார். பிறகு, "எனக்குத் தெரியும், கீழே கிடந்தவன் நான்தானே, கயிறு என் பக்கத்தில்தான் முழுசாகக் கிடந்தது" என்றார். நாற்பத்தாறு வருஷம் தெரிந்தே வைத்திருக்கிறார். நான் எப்போது வருவேன் என்று பார்த்திருக்கிறார். தேத்தண்ணி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த அறைக்கு வாடகை கட்ட முடியாவிட்டால் இங்கே வா. ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்டாலும் நீ பதில் சொல்லத் தேவையில்லை.

இராமர்


திருகோணமலை,
13.07.2025

பெரியப்பாவுக்கு,

விலாசம் மாறியிருக்கிறது, பாருங்கள்.

ஜூன் கடைசியில் லைசன்ஸைத் திருப்பித் தந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கூடவே. அது என் கோப்பில் எப்போதும் இருக்குமாம். மிதுஷனுக்கும் அப்படித்தான். அவர் இந்த மாதம் போகிறார். பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. நீங்கள் வெள்ளவத்தைக்குப் போய் சாம்பவியைப் பார்த்தது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அவள் அடிக்கவில்லையாம், ஆனால் உட்காரவும் சொல்லவில்லையாம். வாசலில் நின்றே கதைத்தீர்களாமே.

இங்கே திமிங்கிலம் பார்க்கச் சுற்றுலாக்காரரைக் கூட்டிப் போகிற ஒரு சின்னக் கம்பெனி. சீனன்குடாவில் இருந்து ஏறிக் கடலுக்கு மேலே வட்டமிட்டு வருவது. முதலாளி என் புத்தகத்தைப் புரட்டினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் பாராட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "இந்த வெயிலில் இங்கே வேலைக்கு வர ஒருத்தரும் இல்லை, நாளைக்கு ஆறு மணிக்கு வரலாமா?" என்றார். கவுண்டர் கிடையாது. டிக்கட் விற்பது அவருடைய மனைவி.

இரண்டு கிழமையில் பதினெட்டுச் சுற்று, இருபத்தொரு மணித்தியாலம். எல்லாம் நான். மொத்தம் முந்நூற்று எழுபத்தாறு. ஐந்நூறு வர இந்தப் பருவம் போதாது, அடுத்த பருவமும் வேண்டும். அப்போது எனக்கு இருபத்தொன்பது.

நேற்று ஒரு திமிங்கிலம் குட்டியோடு வந்தது. மேலே இருந்து பார்த்தால் குட்டி தாயின் நிழல் மாதிரி இருந்தது. பயணிகள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள், நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். கை தன்பாட்டில் செய்தது.

இங்கே உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நான் எழுதுவதைத்தான் நீங்கள் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். அது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும்.

சுபாஷினி


கொட்டாஞ்சேனை,
20.07.2025

சுபா மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினெட்டுச் சுற்று, இருபத்தொரு மணித்தியாலம். ஒரு சுற்றுக்கு எழுபது நிமிடம் வருகிறது, முன்பு முப்பத்தைந்துதானே என்று உடனே வாயில் வந்துவிட்டது. ஹமீட் என்னைப் பார்த்தார். திமிங்கிலம் துறைமுகத்தைவிடத் தூரத்தில்தானே இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா சுகம். மட்டக்குளி வீட்டு மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, கட்டினவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சாம்பவி வாசலில் வைத்துக் கதைத்தது உண்மை. திட்டி முடித்த பிறகு பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினாள். அதையும் மிதுஷன் உனக்குச் சொல்லியிருக்கலாம்.

வெயிலில் தொப்பி போடு. அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்காதே.

இன்னொன்று. ஹமீட்டின் மச்சான் கிண்ணியாவில் இருக்கிறார். வீடு கரையோரம், சீனன்குடாவில் ஏறுகிற விமானம் எல்லாம் அவர் முற்றத்தில் இருந்தே தெரியுமாம். மனிதர் ஓய்வாகத்தான் இருக்கிறார். "காலையில் எத்தனை தடவை போய் வருகிறது என்று பார்த்து எனக்குப் போனில் சொல்லச் சொல்லவா? அவருக்கு அது ஒரு வேலையே இல்லை" என்று ஹமீட் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

"யோசித்துத்தான் சொல்கிறீர்களா?" என்று பேனாவை வைத்துவிட்டு மறுபடி கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன், இதையும் கடிதத்தில் போடுங்கள் என்றேன். போட்டிருக்கிறார்.

இராமர்